மலிவு விலை போர்பன்: புதுச்சேரி அலமாரியில் ஒரு மதிப்பீடு

போர்பன் என்பது மக்காச்சோளத்தை முதன்மைத் தானியமாகக் கொண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காய்ச்சி வடிக்கப்படும் விஸ்கி வகையாகும். புதுச்சேரியின் மதுக்கடைகளில் இறக்குமதிச் சரக்குகளை அடுக்கியிருக்கும் தட்டில் இவ்வகையின் ஓரிரு புட்டிகளைக் காணலாம். அவற்றுள் பரவலாக அறியப்பட்டது ஜிம் பீம் நிறுவனத்தின் வெள்ளை லேபிள் போர்பன். அமெரிக்காவில் இது மலிவு விலைச் சரக்குகளுள் ஒன்று. வார இறுதியில் கோலாவுடன் கலந்து குடிப்பதற்காக அங்கு வாங்கப்படுவது. புதுச்சேரியில் அதே புட்டி உள்நாட்டு விஸ்கிகளுக்கு மேலே, ஸ்காட்ச் புட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. உள்ளே இருக்கும் திரவம் ஒன்றுதான்; கடல் கடந்ததும் அதன் தகுதி மட்டும் உயர்ந்துவிடுகிறது. இந்த உயர்வுக்குச் சுவையில் ஆதாரம் உண்டா, கொடுக்கும் பணத்துக்கு அது தகுமா என்பவை மதிப்பிடத் தக்க கேள்விகள்.

பெயர்

புதுச்சேரிக்கு இந்தப் பெயர் புதிதன்று. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கு பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிலைநிறுத்தியபோது பிரான்சை ஆண்டவர் பூர்போன் அரச மரபைச் சேர்ந்த பதினான்காம் லூயி. இந்தியப் பெருங்கடலில் இன்று ரெயூனியோன் எனப்படும் தீவு நெடுங்காலம் பூர்போன் தீவு என்றே அழைக்கப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேற்றப்பட்டது அந்தத் தீவுக்குத்தான். அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சு செய்த உதவிக்கு நன்றியாக 1785-இல் ஒரு மாவட்டத்துக்கு அதே அரச மரபின் பெயர் இடப்பட்டது. இப்போது கென்டக்கி மாநிலத்தில் உள்ள அம்மாவட்டத்தின் பெயரே விஸ்கிக்கு வந்தது என்பது ஒரு கருத்து. நியூ ஆர்லியன்ஸ் நகரின் பூர்போன் தெருவிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. எது சரியானாலும் மூலம் அந்த அரச மரபுதான். பிரெஞ்சு ஒலிப்பில் பூர்போன். அமெரிக்கர் வாயில் அது போர்பன் ஆயிற்று.

சட்டம் தரும் உறுதி

மலிவு போர்பனை மதிப்பிடுவதில் முதலில் பார்க்க வேண்டியது சுவையை அன்று, சட்டத்தை. போர்பன் என்ற சொல்லை லேபிளில் அச்சிட அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் சில நிபந்தனைகளை விதிக்கின்றன. ஊறலில் மக்காச்சோளம் குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். வடித்தெடுக்கும்போது ஆல்கஹால் அளவு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தப் பீப்பாய் புதியதாகவும், உட்புறம் தீயில் கருக்கப்பட்ட ஓக் மரத்தாலானதாகவும் இருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது குறைந்தது 40 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. 'ஸ்ட்ரெய்ட்' என்ற அடைமொழி இருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயில் இருந்தது என்று பொருள். 4 ஆண்டுகளுக்குக் குறைவானால் வயதை லேபிளில் சொல்லியாக வேண்டும். வெள்ளை லேபிள் ஜிம் பீம் 4 ஆண்டுகள் முதிர்ந்தது. போர்பன் கென்டக்கியில்தான் செய்யப்பட வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். அப்படி விதி இல்லை. அமெரிக்காவில் எங்கும் செய்யலாம்.

இந்த நிபந்தனைகளில் ஒவ்வொன்றுக்கும் சுவையில் ஒரு விளைவு உண்டு. 80 விழுக்காடு என்ற உச்சவரம்பு தானியத்தின் மணம் திரவத்தில் தங்குவதற்காக. 95 விழுக்காட்டுக்கு மேல் வடித்தெடுத்தால் அது சோளத்திலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று நாக்கால் கண்டுபிடிப்பது கடினம். புதுப் பீப்பாய் என்ற விதி நிறத்துக்கும் இனிப்பு மணத்துக்கும் காரணம். ஓக் மரத்தின் லிக்னின் சூட்டில் சிதைந்து வனிலின் ஆகிறது. ஹெமிசெல்லுலோஸ் கருகிப் பாகு மணம் தருகிறது. மரத்திலுள்ள லாக்டோன்கள் கொப்பரை வாசனையைக் கொடுக்கின்றன. பழைய பீப்பாயில் இவையெல்லாம் முன்பே கரைந்து போயிருக்கும். ஸ்காட்ச் 10, 12 ஆண்டுகள் காத்திருந்து பெறும் மர மணத்தை போர்பன் 4 ஆண்டுகளில் பெற்றுவிடுவதற்குப் புதுப் பீப்பாயும் கென்டக்கியின் கடும் கோடையும் காரணம்.

ஆகவே மிக மலிவான ஸ்ட்ரெய்ட் போர்பனை வாங்குபவருக்கும் சில உறுதிகள் கிடைக்கின்றன: தானியம், புது மரம், குறைந்தது 2 ஆண்டுகள், கலப்படமற்ற நிறம். விலை ஏறினால் வயதும் செறிவும் கூடலாம். இந்த அடிப்படைகள் மாறுவதில்லை. இது நுகர்வோருக்குச் சாதகமான ஏற்பாடு. ஸ்காட்ச்சில்கூடக் கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

அருகில் நிற்கும் புட்டிகள்

அதே கடையில் அதிகம் விற்கும் உள்நாட்டு விஸ்கிகளின் கதை வேறு. 'இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மதுபானம்' என்னும் விசித்திரமான பெயரின் கீழ் வரும் இவற்றில், இந்திய விதிகளின்படி, தானியத்திலிருந்தோ சர்க்கரை ஆலைகளின் மொலாசஸிலிருந்தோ எடுத்த, ஏறக்குறைய மணமற்ற தூய எரிசாராயத்தை அடிப்படையாகப் பயன்படுத்தலாம். அதனுடன் மால்ட் விஸ்கியோ இறக்குமதி ஸ்காட்ச்சோ ஒரு பங்கு கலக்கப்படும். கேரமல் நிறம் சேர்த்திருப்பதை லேபிளின் பொடி எழுத்துகளில் படிக்கலாம். மொலாசஸிலிருந்து வடித்ததை ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. வேதியியல் பார்வையில் அது ரம்முக்கு நெருங்கிய உறவு. இதனாலேயே அவை கெட்டவை என்று சொல்லிவிட முடியாது. தானிய எரிசாராயத்துடன் நல்ல மால்ட் சேர்த்துக் கவனமாகக் கலந்தவை உண்டு. ஆனால் எவ்வளவு மால்ட், எத்தனை ஆண்டு, எந்த மரம் என்ற விவரங்கள் பெரும்பாலான மலிவு லேபிள்களில் இருப்பதில்லை. வாங்குபவர் நம்பிக்கையின் பேரில் வாங்குகிறார்.

புதுச்சேரியின் படிநிலையில் இதற்கும் கீழே சாராயம் இருக்கிறது. அரசு உரிமம் பெற்ற சாராயக்கடைகள் இன்றும் இங்கு இயங்குகின்றன. வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்தில் அரசு நிறுவனமான சாராய ஆலை உள்ளது. இதையும் கள்ளச்சாராயத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023-இல் மரக்காணம் அருகிலும் 2024-இல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். மலிவு என்ற சொல் இந்த வட்டாரத்தில் எவ்வளவு தூரம் கீழே போக முடியும் என்பதற்கு அவ்விரு ஊர்களும் சாட்சி.

விலை என்னும் மாயை

மதுவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. கலால் வரியும் விற்பனை வரியும் அந்தந்த மாநிலத்தின் அல்லது ஒன்றியப் பகுதியின் கையில் உள்ளன. புதுச்சேரியின் வரி குறைவாக இருப்பதால்தான் விழுப்புரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வார இறுதிக் கூட்டம் இங்கே வருகிறது. பழைய காரணம் ஒன்றும் உண்டு. 1937-இல் ராஜாஜி அரசு சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அது பொருந்தவில்லை. 1954-இல் ஆட்சி கைமாறிய பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. ஜிம் பீமின் வரலாற்றிலும் இதுபோன்ற ஒரு கட்டம் உண்டு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. அது நீங்கியபின் கென்டக்கியின் கிளெர்மான்ட் ஊரில் ஆலையை மீண்டும் எழுப்பிய ஜேம்ஸ் பீமின் பெயரைத்தான் இன்றைய புட்டி தாங்கி நிற்கிறது. 2014 முதல் நிறுவனத்தின் உடைமை ஜப்பானின் சன்டோரியிடம் உள்ளது.

இறக்குமதிப் புட்டி மாநில வரிக்கு முன்பே சுங்க வரியைச் சுமந்து வருகிறது. போர்பனுக்கு 150 விழுக்காடாக இருந்த சுங்கம் 2025 பிப்ரவரியில் 100 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குறைத்த பிறகும், துறைமுகத்தில் 100 ரூபாய்க்கு மதிப்பிடப்பட்ட சரக்கு சுங்கச் சாவடியைத் தாண்டும்போது 200 ரூபாய் ஆகிவிடும். அதன் மேல் விநியோகஸ்தர் பங்கு, கலால், கடைக்காரர் பங்கு எல்லாம் ஏறும். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் மக்காச்சோளத்துக்கும் ஓக் மரத்துக்கும் போவது சிறு பகுதியே.

இதைப் புதுச்சேரி நேரடியாகவே அனுபவித்திருக்கிறது. 2020-இல் ஊரடங்குக்குப் பிறகு கடைகள் திறந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் வராதிருக்க, விலையை அங்குள்ள அளவுக்கு உயர்த்தும் சிறப்புக் கோவிட் வரி போடப்பட்டது. 2021-இல் அது விலக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் எந்தப் புட்டியின் சுவையும் கூடவில்லை. நீக்கிய பிறகு குறையவும் இல்லை. அலமாரியில் மேலிருந்து கீழாக நாம் பார்க்கும் விலை வரிசையில் பாதி வரியின் வரிசைதான். அதைத் தரவரிசை என்று எடுத்துக்கொள்வது தவறு.

இந்தத் தவறை நாக்கும் செய்கிறது. 2008-இல் வெளிவந்த கலிஃபோர்னிய ஆய்வு ஒன்றில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டவர்களுக்கு அது கூடுதலாகச் சுவைத்தது. மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாகச் செயல்பட்டது. இறக்குமதி லேபிளைப் பார்த்தவுடன் 'ஸ்மூத்' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அதனால்தான் மதிப்பிடுகிறவர் லேபிளை மறைத்துச் சுவைக்க வேண்டும். மற்றொருவரை ஊற்றித் தரச் சொல்லி, கோப்பைகளின் அடியில் எண் எழுதி ஒட்டினால் போதும்.

சுவைத்தல்

புதுச்சேரியின் வெயில் இந்த வேலைக்கு உகந்ததன்று. விஸ்கி சுவைக்கும் முறைகளெல்லாம் 20 டிகிரி அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கத்திரி நாளில் 33 டிகிரி இருக்கும் அறையில் எத்தனாலின் ஆவியழுத்தம் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. கோப்பையில் மூக்கை வைத்தவுடன் முகத்தில் அடிப்பது ஆவிதான். மணம் அதற்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். புட்டியைச் சற்றுக் குளிர்வித்து, வாயைச் சிறிது திறந்தபடி, மூக்கைக் கோப்பைக்கு ஒரு விரல்கடை தள்ளி வைத்து நுகர்ந்தால் உண்மை மணம் வரும். 30 மி.லி. விஸ்கியில் 10 மி.லி. தண்ணீர் விட்டால் ஆல்கஹால் 40-லிருந்து 30 விழுக்காட்டுக்கு இறங்கும். எரிச்சல் அடங்கி இனிப்பு தெரிவது இந்த அளவில்தான்.

பெரிய இடையூறு தட்டில் இருப்பது. மிளகாய் தூவிய வஞ்சிரம் வறுவல், மிளகு போட்ட நண்டு, ஊறுகாய் ஆகியவற்றோடு எந்த விஸ்கியையும் மதிப்பிட முடியாது. மிளகாயின் கேப்சைசின் நாக்கில் தூண்டும் அதே வெப்ப உணர்வியை ஆல்கஹாலும் தூண்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் எரிச்சல் பெருகும். குற்றம் விஸ்கியின் மேல் விழும். 'செம காட்டம்' என்று ஒதுக்கப்பட்ட பல புட்டிகளின் பிழை பக்கத்துத் தட்டில் இருந்திருக்கலாம். சுவைக்கும்போது உப்பில்லாத வறுத்த கடலையும் தண்ணீரும் போதும்.

இப்படி அமைதியாக அணுகினால் வெள்ளை லேபிள் ஜிம் பீமில் முதலில் வருவது வனிலா ஐஸ்கிரீம் வாசம். அதன் பின்னே வெந்த மக்காச்சோளம், கருப்பட்டிப் பாகு கொதிக்கத் தொடங்கும்போது வரும் மணம், கொஞ்சம் கொப்பரை. கூர்ந்து நுகர்பவருக்கு வறுத்த வேர்க்கடலைத் தோல் போன்ற ஒரு மணம் கிடைக்கும். பீம் ஆலையின் அடையாளமாக அமெரிக்க விமர்சகர்கள் பலர் குறிப்பிடுவது இதைத்தான். வாயில் வைத்ததும் இனிப்பு முந்துகிறது. ரை தானியத்திலிருந்து வரும் மிளகுக் காரம் நாக்கின் ஓரத்தில் சிறிது நேரம் நிற்கிறது.

குறைகளும் மறைவதில்லை. உடல் மெலிவு. வாயில் படரும் கனம் இல்லை. விழுங்கிய சில நொடிகளில் சுவை அறுந்துபோகிறது; பின்சுவையாகப் பச்சை மரத்தின் லேசான துவர்ப்பு மட்டும் மிஞ்சுகிறது. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் மணம் முழுதும் கரைந்து இனிப்புத் தண்ணீராகிவிடும். 40 விழுக்காடு என்ற கீழ்வரம்பில் அடைத்ததன் விளைவு இது. 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் வடித்து, 4 ஆண்டுகள் வைத்து, 50 விழுக்காட்டில் அடைக்கப்படும் 'பாட்டில்ட் இன் பாண்ட்' போர்பன்கள் அமெரிக்காவில் சற்றுக் கூடுதல் விலையில் கிடைக்கின்றன. பணத்துக்கு மதிப்பு என்ற அளவில் அவையே அங்கு முதலிடம். தண்ணீரையும் பனிக்கட்டியையும் தாங்கும் வலு அவற்றுக்கு உண்டு. வெப்ப நாட்டுக்குப் பொருந்துவதும் அந்த வகைதான்.

மொலாசஸ் எரிசாராயத்தில் செய்த மலிவு உள்நாட்டு விஸ்கியை மறைத்து வைத்துப் பக்கத்தில் சுவைத்தால் வேறுபாடு மூக்கிலேயே தெரிகிறது. அதில் மேலெழுவது சேர்க்கப்பட்ட இனிப்பு மணம். அடியில் நகப்பூச்சு நீக்கியை நினைவூட்டும் கூர்மை. போர்பனில் மணமும் சுவையும் ஒரே பொருளிலிருந்து வந்தவை போல இணைந்திருக்கும். இதில் தனித்தனியே நிற்கும். ஆனால் தானிய எரிசாராயத்தோடு மால்ட் கலந்த மேல்தர உள்நாட்டு விஸ்கியோடு ஒப்பிட்டால் வேறுபாடு வெகுவாகக் குறைகிறது. அங்கே வெல்வது எது என்பது குடிப்பவரின் விருப்பம்: வனிலா இனிப்பா, உலர்ந்த மால்ட்டா.

கணக்கு

போதையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் போர்பன் தோற்றுவிடும். 750 மி.லி. புட்டியில் 40 விழுக்காடு என்றால் 300 மி.லி. ஆல்கஹால். உள்நாட்டுப் புட்டியில் வழக்கமான 42.8 விழுக்காடு என்றால் 321 மி.லி. அந்த 42.8 என்ற விநோத எண் ஆங்கிலேயர் விட்டுச்சென்றது. பிரிட்டிஷ் அளவில் 100 'புரூஃப்' என்பது 57.1 விழுக்காடு, அதில் முக்கால் பங்கு 42.8. அமெரிக்க லேபிளில் '80 புரூஃப்' என்று இருப்பதைப் பார்த்து அது கடுமையானது என்று எண்ணுபவர்கள் உண்டு. அமெரிக்கப் புரூஃப் விழுக்காட்டின் இரு மடங்கு மட்டுமே. 80 என்பது வெறும் 40-தான். எந்தப் புட்டியானாலும் 60 மி.லி. 'லார்ஜ்' ஒன்றில் ஏறக்குறைய 19 முதல் 20 கிராம் ஆல்கஹால் உள்ளது. உடல்நல நூல்கள் 10 கிராமை ஓர் அலகாகக் கொள்வதால் அது இரண்டு அலகு. ஈரல் வடித்த நாட்டைக் கேட்பதில்லை.

சோடாவில் நிரப்பிக் குடிப்பவருக்கும் போர்பன் வீண் செலவு. 60 மி.லி.யில் 180 மி.லி. சோடா சேர்த்தால் 10 விழுக்காட்டுப் பானம் ஆகிறது. 4 ஆண்டு மர மணத்தில் அங்கே எஞ்சுவது மிகக் குறைவு. கடற்கரைச் சாலைக்குப் பின்னுள்ள விடுதிகளில் கோலாவும் எலுமிச்சையும் சேர்த்துத் தரும் கலவைகளில் அது முற்றிலும் மறைகிறது. அந்த மேசையில் காசு போவது லேபிளுக்கு.

சிறிதளவு தண்ணீரோடு மெதுவாகப் பருகுபவருக்கு நிலைமை வேறு. உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்த ஒரு பொருளை அவர் வாங்குகிறார். நல்ல உள்நாட்டுக் கலப்பு விஸ்கியைவிட ஒன்றரை மடங்கு விலை வரை இது நியாயமே. இரு மடங்கை எட்டினால் நியாயம் குறைகிறது. ஏனெனில் அந்த இடத்தில் இந்திய சிங்கிள் மால்ட்டுகள் நெருங்கி வந்துவிடுகின்றன. பக்கத்திலேயே நிற்கும் ஜாக் டேனியல்ஸ் போர்பன் என்ற பெயரில் விற்கப்படுவதில்லை. மேப்பிள் மரக்கரியில் வடிகட்டப்படும் டென்னசி விஸ்கி அது. பெயரின் புகழுக்காக அதற்குக் கூடுதல் விலை கொடுப்பவர் இரண்டையும் ஒருமுறை மறைத்துச் சுவைத்துப் பார்ப்பது நல்லது.

இந்திய சிங்கிள் மால்ட்டுக்கும் போர்பனுக்கும் உள்ள உறவு பலரும் அறியாதது. புதுப் பீப்பாய் என்ற விதியால் ஒருமுறை பயன்பட்ட பீப்பாயில் மீண்டும் போர்பன் ஊற்ற முடியாது. அவை பெருமளவில் ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. ஒரு பகுதி இந்தியாவுக்கும் வருகிறது. பெங்களூரின் அம்ருத் ஆலை 2004-இல் கிளாஸ்கோ நகரில் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்தியது. அதன் பார்லி விஸ்கி முதிர்வதில் இந்தப் பழைய போர்பன் பீப்பாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 விழுக்காடு ஆவியாகும் இடத்தில் பெங்களூரில் 10 விழுக்காட்டுக்கும் மேல் போய்விடுவதால் மால்ட் சில ஆண்டுகளிலேயே முதிர்ந்துவிடுகிறது. அம்ருத்தில் தெரியும் வனிலாவும் கொப்பரையும் கென்டக்கியில் நான்கைந்து கோடைகளைக் கண்ட மரத்திலிருந்து வந்தவை. இரண்டு புட்டிகளுக்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருக்கும் கடையில் அம்ருத்தை எடுப்பதே சரியான தேர்வு. வித்தியாசம் பெரிதாக இருக்கும் கடையில் வெள்ளை லேபிளின் 180 மி.லி. குவாட்டர் கிடைத்தால் முதலில் அதை வாங்கிப் பார்க்கலாம். முழுப் புட்டிக்குப் பணம் கட்டுவதைப் பிறகு முடிவு செய்யலாம்.